இறப்பரைப் பிளாஸ்டிக்கில் ஒட்டுவதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

திருகோணமலையில் கடலோடு புழங்குகிற எவரும் எப்போதாவது இறப்பரைப் பிளாஸ்டிக்கில் ஒட்டப் பார்த்திருப்பார்கள். ஃபைபர் போட்டின் விளிம்புக்குப் போடுகிற இறப்பர் பட்டி, மிதவைக்குக் கட்டும் நீலப் பரல் கயிற்றில் உரசித் தேயாமல் இருக்க ஒட்டுகிற ரியூப் துண்டு, காற்றடிக்கும் டிங்கியில் விழுந்த கிழிசல், ஐஸ் பெட்டி மூடியைச் சுற்றி வரும் இறப்பர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஹார்ட்வெயார் கடைக்குப் போனால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "எந்த கம் நல்லது அண்ணா?" அவரும் ஒரு ரின்னை எடுத்துத் தருவார். கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் ஒரு மூலை கிளம்பும், மூலை கிளம்பிவிட்டால் முழு நீளமும் உரிந்து வர அதிக நேரம் எடுக்காது. உடனே கம்மைத் திட்டிவிட்டு விலை கூடிய இன்னொரு ரின் வாங்குகிறோம்.

கம் எது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால், ஒட்டப்போகிற இரண்டு பரப்பிலும் திரவம் படருமா என்று பார்க்க வேண்டும். படராத இடத்தில் எந்தக் கம்மும் நிற்காது. இதைப் பார்க்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் போதும்.

ஒட்டும் இடத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டு, விரல் நுனியால் ஒரு சொட்டு வையுங்கள். கண்ணைப் பரப்பின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். சொட்டின் ஓரம் பரப்பைத் தொடுகிற இடத்தில் உண்டாகும் கோணம்தான் தொடுகைக் கோணம். சொட்டு தட்டையாகப் படர்ந்து ஓரம் மெலிந்து போனால் கோணம் சிறியது, பரப்பு திரவத்தை ஏற்கிறது. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் கோணம் பெரியது, கம்முக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். சுத்தமான கண்ணாடியில் சொட்டு ஏறக்குறைய முழுதாகப் படர்ந்துவிடும். நீலப் பரல் பிளாஸ்டிக்கில் 90 பாகையைத் தாண்டி நிற்கும். ஒட்டாத தாச்சிக்குப் பூசும் டெஃப்லோனில் 110 பாகை அளவுக்குப் போகும். இந்தக் கோணத்தை வைத்துத் திரவத்துக்கும் திண்மத்துக்கும் உள்ள உறவை 1805இலேயே தோமஸ் யங் விளக்கிவிட்டார்.

காரணம் சிக்கலானதல்ல. திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன, அதுதான் பரப்பிழுவிசை. தண்ணீருக்கு அது மீற்றருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். பிளாஸ்டிக்கின் பரப்புக்கும் இழுக்கும் சக்தி ஒன்று உண்டு, அதே அலகில் சொன்னால் டெஃப்லோனுக்கு 18 அல்லது 19, சிலிக்கன் இறப்பருக்கு 20ஐச் சற்றுத் தாண்டும், பொலிபுரப்பிலீனுக்கும் பொலித்தீனுக்கும் 30 அளவு, பிவிசிக்கு 39, நைலோனுக்கு 40ஐத் தாண்டும். எபொக்சிப் பசையின் பரப்பிழுவிசை 40க்கு மேலே. ஆக பொலித்தீன் மேல் எபொக்சியை ஊற்றினால், பிளாஸ்டிக் இழுப்பதைவிட எபொக்சி தன்னைத் தானே கூடுதலாக இழுத்துக்கொள்ளும். படராது, சுருங்கும். கண்ணுக்குப் படர்ந்த மாதிரித் தெரிந்தாலும் நுண்ணிய கீறல்களுக்குள் போகாமல் அடியில் காற்றைச் சிறைவைத்துவிடும். பிறகு இழுக்கும்போது வெடிப்பு ஆரம்பிப்பது அந்தக் காற்றுக் குழிகளில்தான்.

சொட்டுச் சோதனை ஏமாற்றுகிற இடங்கள் இரண்டு உண்டு, இரண்டுமே நம்மூரில் அடிக்கடி நடப்பவை. பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் விட்டால், மிஞ்சிய சவர்க்காரப் படலம் தண்ணீரை அழகாகப் படரவைக்கும், கம்மை மட்டும் பிடிக்கவிடாது. எனவே நல்ல தண்ணீரால் ஒன்றுக்கு மூன்று முறை அலசுங்கள். மற்றது, வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த பரல். அதன் மேல்தோல் ஒட்சியேறி வெளுத்திருக்கும், தண்ணீரும் ஓரளவு படரும், பார்த்தால் சரிபோல இருக்கும். பெருவிரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் மாவு மாதிரித் தூள் வந்தால் கம் அந்தத் தூளைத்தான் பிடிக்கப்போகிறது, தூள் பரலை விட்டுக் கழன்று வந்துவிடும். திரவம் படர்வது பிடிப்புக்கு அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. அடியில் உறுதியான தோல் இருக்கவேண்டும். தூள் போய்ப் புதுப் பிளாஸ்டிக் தெரியும்வரை அரத்தாளால் தேயுங்கள்.

அரத்தாளால் தேய்த்தாலே எல்லாம் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் ஊறிப்போன ஒன்று. திரவம் படர்கிற பரப்பைக் கரடாக்கினால் இன்னும் நன்றாகப் படரும், படராத பரப்பைக் கரடாக்கினால் இன்னும் மோசமாக உருளும். 1936இல் வென்சல் என்பவர் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். பொலித்தீனைத் தேய்ப்பது அழுக்கையும் செத்த தோலையும் எடுக்க உதவும், அதன் சுபாவத்தை மாற்றாது.

என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடிப்பது

அடியில் முக்கோணத்துக்குள் இலக்கம் இருந்தால் வேலை லேசு. 2 என்றால் அடர்த்தி கூடிய பொலித்தீன், பரல், தண்ணீர்த் தாங்கி, எண்ணெய்க் கலன் எல்லாம் பெரும்பாலும் அதுதான். 3 பிவிசி. 5 பொலிபுரப்பிலீன். 6 பொலிஸ்டைரீன், நம்முடைய ரெஜிஃபோம் மீன் பெட்டி இந்த வகை. இலக்கம் இல்லையென்றால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி நல்ல தண்ணீரில் அமுக்கிவிடுங்கள், காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். மேலே வந்தால் பொலித்தீன் அல்லது பொலிபுரப்பிலீன், இரண்டுமே கஷ்டமான சாதி. தாழ்ந்தால் பிவிசி, ஏபிஎஸ் என்ற கடினமான பிளாஸ்டிக், நைலோன், ஃபைபர் போன்றவை, இவற்றோடு சமாளிக்கலாம். நுரை வகைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கடல் தண்ணீரில் செய்ய வேண்டாம், அது கனம் கூடியது, பொலிஸ்டைரீன் போன்றவற்றில் பதில் குழம்பும்.

ரெஜிஃபோமுக்கு ஒரு வார்த்தை. தின்னர் வாசனை அடிக்கிற எந்த கம்மையும் அதில் பூசாதீர்கள், பூசிய இடம் கரைந்து பள்ளமாகும். தண்ணீரில் கரைத்த பசை அல்லது எபொக்சி போதும்.

பரலும் நெருப்பும்

பொலித்தீன் பரலில் இறப்பர் பிடிக்கவேண்டுமானால் அதன் பரப்பை மாற்றவேண்டும். தொழிற்சாலைகளில் மின்பொறியாலும் நெருப்பாலும் செய்கிறார்கள். வீட்டில் செய்யக்கூடியது நெருப்பு. சுடரில் இருக்கும் ஒட்சிசன் பிளாஸ்டிக்கின் மிக மெல்லிய மேல்தோலோடு சேர்ந்து, திரவத்தை இழுக்கிற அணுக் கூட்டங்களை அங்கே உண்டாக்குகிறது. ஆழமாக எதுவும் நடப்பதில்லை, உருகவும் தேவையில்லை.

தொடங்குமுன் பாதுகாப்பு. பெற்றோல், டீசல், தின்னர், பெயர் தெரியாத கெமிக்கல் இருந்த பரலுக்கு நெருப்புக் காட்டவே வேண்டாம், உள்ளே மிஞ்சிய ஆவி போதும் வெடிப்பதற்கு. மற்றப் பரல் என்றாலும் இரண்டு மூடியையும் கழற்றி, உள்ளே கழுவி, திறந்தபடியே வையுங்கள். துடைக்கப் பாவித்த ஸ்பிரிட்டும் துணியும் கிட்டவே இருக்கக்கூடாது. பிவிசிக்கு நெருப்புக் காட்டுவது கூடாது, அதிலிருந்து எரிச்சலூட்டும் அமில வாயு வரும்.

சின்ன காஸ் ரோச் ஒன்றை எடுத்து நீலச் சுடர் வரும்வரை திருகுங்கள். மஞ்சள் சுடர் கரி பூசிவிடும், அதற்குமேல் ஒன்றும் பிடிக்காது. உள்ளே கூர்மையாகத் தெரியும் நீலக் கூம்புக்கு அப்பால் மங்கலாக இருக்கும் சுடரின் நுனி பரப்பை மட்டுமட்டாகத் தொடவேண்டும். ஒரு செக்கனுக்கு ஓர் அடி என்ற வேகத்தில் கையை நிறுத்தாமல் வரிவரியாக ஓட்டிப்போங்கள். பரப்பு மினுங்கத் தொடங்கினால் உருகுகிறது என்று அர்த்தம், கை வேகம் போதவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் ஆறவிட்டுச் சொட்டை வைத்துப் பாருங்கள். நெருப்புப் பட்ட பகுதியில் தண்ணீர் விரிந்து கிடக்கும், படாத பகுதிக்கு வந்ததும் கோடு போட்டமாதிரி சுருங்கி உருளும். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்தபின் இந்த முறையை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். படராத திட்டுகள் இருந்தால் காயவைத்து இன்னொரு சுற்று. முடிந்ததும் கையால் தொடாமல் அரை மணித்தியாலத்துக்குள் கம் பூசிவிடுங்கள், நேரம் போகப் போக அந்தப் புதுத்தோலின் குணம் மங்கும்.

பொலிபுரப்பிலீனுக்கும் இதே முறை வேலை செய்யும். வாகன பம்பர் பெயின்ற் அடிக்கிற இடங்களில் கிடைக்கும் பொலிபுரப்பிலீன் பிரைமரும் உதவும். மெல்லிசாக ஒரே பூச்சு, அவ்வளவுதான்.

இறப்பரின் பக்கம்

எல்லோரும் பிளாஸ்டிக்கைத்தான் குறை சொல்கிறோம், பாதி நேரம் பிழை இறப்பரில் இருக்கிறது. வல்கனைஸ் பண்ணிய இறப்பருக்குள் கந்தகம், மெழுகு, ஸ்டியரிக் அமிலம், எண்ணெய் என்று பல சாமான்கள் உண்டு. அவை மெல்ல மெல்ல மேலே வந்து படியும். ரயரில் மெழுகை வேண்டுமென்றே சேர்ப்பார்கள், அது வெளியே வந்து ஓசோனிலிருந்து இறப்பரைக் காக்கும். பழைய ரியூப்பில் விரலை ஓட்டினால் ஒரு வெண்மையான மங்கல் படிந்திருப்பதைக் காணலாம். அச்சிலிருந்து இலகுவாகக் கழற்றப் பூசிய சிலிக்கனும் ரால்க் பவுடரும் புது இறப்பரில் சேர்ந்தே வரும்.

இவற்றைத் துணியால் துடைத்து எடுக்க முடியாது, தோலையே உரிக்கவேண்டும். 60 அல்லது 80 இலக்க அரத்தாளால், மினுக்கம் முழுதும் போய் ஒரேசீரான கரும் மங்கல் நிறம் வரும்வரை தேயுங்கள். தூளைத் தூரிகையால் தட்டி, அசிற்றோன் அல்லது எண்ணெய் சேராத ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நின்றால் சரி. பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் துடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெற்றோலில் இறப்பர் ஊறி வீங்கும், மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். பிளாஸ்டிக் பக்கத்தைத் துடைக்கும்போது ஏபிஎஸ், பொலிஸ்டைரீன் என்றால் அசிற்றோனைத் தொடாதீர்கள், கரைந்துவிடும். பொலித்தீனுக்கு அசிற்றோன் ஒன்றும் செய்யாது.

சிலிக்கன் இறப்பர் என்றால் நிலைமை வேறு, அதில் பிடிப்பது சிலிக்கன் பசை மட்டும்தான். புறாத் தீவுக்குப் போகிறவர்கள் போடும் ஸ்நோக்கல் மாஸ்க்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். முகத்தில் படிகிற மென்மையான பாவாடை சிலிக்கன், சட்டம் கடினமான பிளாஸ்டிக். இரண்டுக்கும் நடுவே கம் கிடையாது, சிலிக்கனின் ஓரத்தைச் சட்டம் கவ்வி நெரித்துப் பிடித்திருக்கிறது. கால் துடுப்பில் வேறு தந்திரம். பொலிபுரப்பிலீன் தகட்டின்மேல், அதே இனத்தோடு ஒத்துப்போகும் தெர்மோபிளாஸ்டிக் இறப்பரைச் சுடச்சுட வார்க்கிறார்கள், இரண்டு பக்கத்து மூலக்கூற்றுச் சங்கிலிகளும் எல்லையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்கின்றன. பல் தூரிகையின் மென்மையான பிடியும் பெரும்பாலும் இப்படித்தான். செய்தவர்களே கம்மை நம்பாத இடத்தில் நாம் கம்மால் திருத்தப் பார்ப்பது பணச் செலவு.

இப்போது கம்

ஃபைபர் போட், ஏபிஎஸ், கடினமான பிவிசி இவற்றில் சாதாரண இறப்பரை ஒட்ட நியோபிரீன் கொன்ராக்ட் பசை நல்லது, தளபாட வேலையில் ஃபோர்மைக்காவுக்குப் பூசுகிற அந்த மஞ்சள் பசை. புது ஃபைபராக இருந்தால் அச்சு மெழுகு மேலே இருக்கும், முதலில் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகு தேயுங்கள், தேய்த்துவிட்டுத் துடைத்தால் மெழுகைக் கீறலுக்குள் திணித்ததாகிவிடும். நெருப்புக் காட்டிய பரலுக்கு பொலியூரித்தேன் பசை எடுங்கள், அது காய்ந்தபின்னும் இறப்பரோடு சேர்ந்து வளையும். கல்லாக உறைகிற சாதாரண எபொக்சி, இறப்பர் மடங்கும்போது விளிம்பில் கிளம்பிவிடும். சுப்பர் குளூ சின்ன வளையங்களுக்கு நல்லது, அலை அடிக்கிற இடத்துக்கு அது உடைசல்.

மென்மையான பிவிசி டிங்கிக்கு நியோபிரீன் பசை பூசாதீர்கள். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் நாள்பட அந்தப் பசைக்குள் ஊறி அதைக் களியாக்கும். ஹார்ட்னர் தனியாக வருகிற இரண்டு பாகப் பொலியூரித்தேன் பசைதான் வேண்டும், ஒட்டுத்துண்டும் பிவிசியாகவே இருக்கட்டும், கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் கூடுதலாக. பழைய டிங்கி ஹைப்பலோன் என்ற செயற்கை இறப்பராக இருந்தால் அதற்குரிய பசை வேறு. டூபொன்ட் அந்த இறப்பரைச் செய்வதை 2010இல் நிறுத்திவிட்டது என்றாலும் அந்தக் காலத்து டிங்கிகள் இன்னும் ஓடுகின்றன.

கொன்ராக்ட் பசையைப் பூசும் விதத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள், 10 முதல் 20 நிமிடம் எடுக்கும். ஈரத்தோடு அமுக்கினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியே போக வழியில்லாமல் கொப்புளம் போடும். சேர்த்தபின் எவ்வளவு நேரம் அமுக்குகிறோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்பது முக்கியம். நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்துங்கள், மரச் சுத்தியலால் தட்டினாலும் சரி. மூடிய அறையில் இந்த வேலை வேண்டாம், தொலுயீன் ஆவி தலையைச் சுற்றவைக்கும்.

அப்புறம் காலநிலை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். வாடைக் காலத்தில் காற்று முழுக்க ஈரம், அந்தக் குளிர்ந்த பசையின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படியும், பிறகு எவ்வளவு அமுக்கினாலும் நடுவில் தண்ணீர்தான் இருக்கிறது. இரண்டு பாகப் பொலியூரித்தேனின் ஹார்ட்னரும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வீணாகும். ஐப்பசி முதல் தை வரை அவசரமில்லாத ஒட்டு வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது, செய்யத்தான் வேண்டுமென்றால் மழை விட்ட நாளில் முற்பகல் பத்து மணிக்குப் பின். கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் இதற்கு வாய்ப்பானவை, உலர்ந்த காற்று. ஆனால் உச்சி வெயிலில் திறந்த வெளியில் பூசினால் பசை மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும், காற்று மணலையும் கொண்டுவந்து போடும். காலையில், நிழலில் செய்யுங்கள். உப்புவெளியானாலும் திருக்கடலூரானாலும் கரையில் கிடந்த சாமானில் உப்புப் படிந்திருக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், எனவே முதல் கழுவல் எப்போதும் நல்ல தண்ணீரில்.

உரியாமல் இருக்க

இறப்பர் வளைகிற பொருள் என்பதால் சுமை ஓரத்தில் ஒரு மெல்லிய கோட்டில் போய்க் குவிகிறது. ஒட்டின் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்குகிற இழுவையை அந்தக் கோடு தனியாகத் தாங்காது. ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், ஓரத்தைச் சாய்வாகச் சீவுங்கள். போட் விளிம்புப் பட்டியின் இரண்டு முனையிலும் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியும் வாஷரும் போட்டுவிடுங்கள், ஜெற்றியில் மோதும்போது முதலில் கிளம்புவது முனைதான். பரலில் துளை போட முடியாது, அங்கே இறப்பரை முழுச் சுற்றாகச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் உரிவதற்கு முனையே கிடைக்காது.

பெரிய வேலைக்கு முன் ஒரு மாதிரி ஒட்டிப் பாருங்கள். அதே பிளாஸ்டிக், அதே இறப்பர், இரண்டு விரல் அகலத்தில் ஒரு கீலம், முனையை ஒட்டாமல் விட்டு. முழுதாகக் காயக் குறைந்தது ஒரு நாள் விட்டு, முனையைப் பிடித்துப் பின்புறமாக உரியுங்கள், உரிந்த இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கம் முழுக்க இறப்பரில் வந்து பிளாஸ்டிக் பளிச்சென்று இருந்தால் பிளாஸ்டிக்கின் பரப்பு இன்னும் சரிவரவில்லை. கம் பிளாஸ்டிக்கில் தங்கி அதன்மேல் கருந்தூள் படிந்திருந்தால் இறப்பரின் தோல் சரியாக உரியவில்லை. இரண்டு பக்கமும் கம் இருந்தால் பரப்புகள் இரண்டும் சரி, கம்மே கிழிந்திருக்கிறது, பலமான கம் வாங்குவதில் அப்போதுதான் பொருள் உண்டு. இறப்பரே கிழிந்து வந்தால் இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. அதே நேரத்தில் ஒட்டிய இரண்டாவது கீலத்தை ஒரு வாளி கடல் தண்ணீரில் ஒரு கிழமை போட்டுவைத்து அதையும் உரித்துப் பார்த்துவிட்டு போட்டில் கை வையுங்கள்.